ஷாரர் எண்ணிய சாலை

ஜெர்மனியின் முதல் ரயில் என்றால் எல்லோரும் 'ஆட்லர்' எஞ்சினைத்தான் சொல்வார்கள். நான் அந்த ரயிலுக்குப் பணம் திரட்டிய ஒரு முன்னாள் மேயரைப் பற்றிச் சொல்கிறேன்.

யோகான்னஸ் ஷாரர், 1785இல் பிறந்தவர். பீர் காய்ச்ச உதவும் ஹாப்ஸ் பூ வியாபாரி. 1823 முதல் 1829 வரை நூரம்பெர்க் நகரின் இரண்டாம் மேயர். நகரில் 1821இல் சேமிப்பு வங்கியும் 1823இல் பாலிடெக்னிக் பள்ளியும் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1833இல் பிளாட்னர் என்ற வணிகரோடு சேர்ந்து ரயில் கம்பெனிக்குப் பங்கு விற்கக் கிளம்பினார். முதலில் செய்த வேலை, ஃபூர்த் ஊருக்குப் போகும் சாலையில் ஆட்களையும் வண்டிகளையும் எண்ணவைத்தது. வெறும் ஆறு கிலோமீட்டர் சாலை. அதில் ஏன் அவ்வளவு கூட்டம்? ஒரு காரணம் கசப்பானது. நூரம்பெர்க் 1499இல் யூதர்களைத் துரத்திவிட்டது. 1850இல்தான் முதல் யூதருக்கு அங்கே குடியுரிமை கிடைத்தது. யூத வணிகக் குடும்பங்கள் பல ஃபூர்த்தில் வாழ்ந்தன. வியாபாரம் ஓர் ஊரில், படுக்கை இன்னோர் ஊரில். விசாவோடு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்குக் கால்வாய் மேல்தான் ஆசை. ரயிலுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். அவருடைய அரசு வாங்கியதோ இரண்டே பங்குகள்! சென்னை ராயபுரத்தில் 1856இல் ரயில் ஓடியபோது, லண்டன் பங்குதாரர்களின் லாபத்துக்கு ஆட்சியாளர்கள் உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். ஷாரருக்கு அந்தத் தெம்பெல்லாம் இல்லை.

1835 டிசம்பர் 7 அன்று ரயில் ஓடியது. இந்த வேகத்தில் போனால் மூளை கலங்கும் என்று டாக்டர்கள் எச்சரித்ததாக ஒரு கதை உண்டு. நர்ஸாக இருப்பதால் அந்த அறிக்கையைத் தேடினேன். அப்படியோர் ஆவணமே இல்லை, பின்னால் கட்டிய கதை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.

நிலக்கரி விலை அதிகம். அதனால் நாளில் பெரும்பாலான வண்டிகளை அதே தண்டவாளத்தில் குதிரைகள் இழுத்தன, எஞ்சின் சில நடை மட்டும். இருந்தும் முதல் ஆண்டே பங்குதாரர்களுக்கு நல்ல லாபம். ஷாரர் கம்பெனி இயக்குநராக இருந்து 1844இல் காலமானார். அந்தப் பாதை 1922 வரை ஓடியது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.