நூற்புழுவை ஒடுக்கும் செண்டுமல்லி: வரப்போரம் நட்டால் மட்டும் போதாது

மைசூரு: தசரா நாட்களில் மைசூரு அக்ரஹாரம், தேவராஜ சந்தை ஆகிய பகுதிகளில் குவியும் செண்டுமல்லி, பூசைக்கு மட்டும் உரிய மலர் அன்று. கன்னடத்தில் 'செண்டு ஹூவு' எனப்படும் இச்செடிக்கு, தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை ஒடுக்கும் ஆற்றலும் உண்டு. ஆயினும், அதை நடும் முறையைப் பொறுத்தே அப்பயன் கிட்டும்.

வேர்முடிச்சு நூற்புழு, கண்ணுக்குப் புலப்படாத மண்வாழ் உயிரி. இதன் இளம்புழு வேர் நுனி வழியாக நுழைந்து, ஓரிடத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. அவ்விடத்தில் வேர் பருத்து முடிச்சாகிறது. நீரும் சத்தும் மேலேறுவது தடைபடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் செடி நண்பகலில் வாடுகிறது, விளைச்சல் குறைகிறது. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு ஒரு தலைமுறை உருவாகும்.

செண்டுமல்லியின் வேரில் 'ஆல்ஃபா டெர்தியெனைல்' என்னும் கந்தகச் சேர்மம் உள்ளது. அவ்வேருக்குள் நுழையும் இளம்புழுக்கள் பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாமல் மடிகின்றன. உயிருள்ள வேரில்தான் இவ்விளைவு சிறப்பாக நிகழ்கிறது. பறித்த செடியை மண்ணில் புதைப்பது இதற்கு ஈடாகாது.

இரு வேறு பயன்கள்

பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடப் பரிந்துரைத்துள்ளது. இது காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைக் கவர்ந்து, பூக்களில் முட்டையிடச் செய்வதற்கான பொறிப்பயிர் முறையாகும். நூற்புழுக் கட்டுப்பாட்டிற்கு இது போதாது. வேர் பரவாத மண்ணில் அதன் தாக்கம் இராது என்பதே காரணம்.

நூற்புழுவை ஒடுக்க, காய்கறிக்கு முந்தைய பருவத்தில் பாத்தி முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் வளர்க்க வேண்டும். களைகளின் வேரில் புழுக்கள் தங்கிவிடும் என்பதால் களையெடுப்பு இன்றியமையாதது. ஆடியில் நட்டு, தசராவுக்குப் பூப்பறித்து, பின்னர் அதே நிலத்தில் தக்காளி நட்டால், நிலத்தைத் தரிசாக விடாமல் வருவாயும் ஈட்டலாம்.

நூற்புழுவுக்கு எதிராகவும் பயன்படுத்தப்பட்டு வந்த 'போரேட்' குருணை மருந்து, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ள நிலையில், இத்தகைய பயிர்ச்சுழற்சி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

எனினும், செண்டுமல்லி நூற்புழுவை அடியோடு அழிப்பதில்லை. தக்காளியையே தொடர்ந்து பயிரிட்டால் புழுக்கள் மீண்டும் பெருகும். எனவே வேப்பம் பிண்ணாக்கு இடுதல், முடிச்சில்லாத நாற்றுகளைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றையும் கைக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்ததும் சில செடிகளை வேரோடு பிடுங்கிப் பார்த்தால், அடுத்த பருவத்திற்குச் செண்டுமல்லி தேவையா என்பது தெரிந்துவிடும்.