கண்ணுக்குத் தெரியாத சுமை

பெருந்தெருவின் ஓரமாகத் துவிச்சக்கர வண்டியிற் செல்லும்பொழுது பெரிய லொறியொன்று நம்மைக் கடந்து சென்றால் என்ன நிகழ்கின்றது? முதலில் யாரோ ஒருவர் நம்மை வெளிப்புறமாகத் தள்ளுவது போலிருக்கும். லொறி கடந்த மறுகணமே அதே கை நம்மைத் தெருவின் நடுப்பக்கமாக இழுக்கும். பாடசாலைக்குச் சைக்கிளிற் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை அனுபவித்திருப்பர். வீடு சேர்ந்ததும் மறந்துமிருப்பர்.

1973ஆம் ஆண்டில் இதனை மறவாத ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைநிலத்திலே, நாசா நிறுவனத்தின் பறப்பு ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த எட்வின் சால்ட்ஸ்மன் என்னும் பொறியியலாளரே அவர். பறக்கும் விமானத்தைக் காற்று எவ்வாறு தடுக்கின்றது என்பதை ஆராய்வது அவர் தொழில். சைக்கிளில் வேலைக்குச் செல்கையில் லொறிகள் தம்மைத் தள்ளியும் இழுத்தும் சென்றதை அவர் கூர்ந்து நோக்கினார். இவ்வளவு காற்றைப் புரட்டுவதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகின்றது? லொறியின் எண்ணெய்த் தாங்கியிலிருந்தே வருகின்றது!

எண்ணெய் அரிதான ஆண்டு

அக்கேள்வி தக்க காலத்திலேயே எழுந்தது. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 3 டொலருக்கு விற்ற எண்ணெய், சில மாதங்களுக்குள் 12 டொலரை அண்மியது. சொந்த லொறியை வைத்துப் பிழைத்த சாரதிகள் பெரிதும் வாடினர். டிசெம்பர் மாதத்தில் அவர்களுட் பலர் நெடுஞ்சாலைகளின் நடுவே வண்டிகளை நிறுத்தி மறியல் செய்தனர். 1974 ஜனவரியில், மணிக்கு 55 மைலுக்கு மேற்பட்ட வேகம் நாடெங்கும் கூடாதென்னும் சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட்டார். மைற்கணக்கிற் கூலி பெறும் சாரதிக்கு வேகம் குறைந்தால் வருமானமும் குறையுமன்றோ? நாட்டின் சிக்கனம் ஏழைச் சாரதியின் உணவிலே கைவைத்தது.

எனவே, கூலியைக் குறையாமல் எண்ணெயைக் குறைக்க வழியுண்டா என்பது வெறும் விஞ்ஞான வினாவன்று. பல குடும்பங்களின் வாழ்க்கை வினாவாகும்.

ஓடிய சப்பாத்துப் பெட்டி

சால்ட்ஸ்மனும் அவர் தோழர்களும் பழைய வான் ஒன்றை எடுத்து, அதனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, கூரிய மூலைகளையுடைய பெரிய சப்பாத்துப் பெட்டியைப் போல் ஆக்கினர். அதனை ஓட்டி, காற்றின் தடையை அளந்தனர். பின்னர் மூலைகளையும் விளிம்புகளையும் வளைவாக்கி மறுபடியும் ஓட்டினர். காற்றுத்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! பெட்டியின் கொள்ளளவோ மிகச் சிறிதளவே குறைந்திருந்தது.

இதன் காரணம் யாது? தட்டையான முகம் காற்றிலே மோதும்பொழுது முன்புறத்தில் அழுத்தம் கூடுகின்றது. கூரிய மூலையில் திரும்பவியலாத காற்று பக்கங்களிற் சுழிகளாகச் சிதறுகின்றது. பின்புறத்திலோ அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னோக்கி இழுக்கின்றது. சைக்கிளில் நாம் உணரும் தள்ளலும் இழுப்பும் இவையே.

அடுத்து, உண்மையான பெரிய லொறியொன்றின் மூலைகளை வளைவாக்கி, சாரதி அறையின் கூரையிலிருந்து பின்பெட்டி வரை வழுவழுப்பான மூடியொன்றைப் பொருத்தினர். நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 25 வீதம் வரை எண்ணெய் மிஞ்சியது. இன்று அமெரிக்க லொறிகளின் தலையிற் காணப்படும் சரிந்த கவசம் இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாகும். பெட்டியின் அடியிற் காற்று நுழையாதவாறு பக்கத் தட்டிகளும், பின்கதவில் மடித்து விரிக்கக்கூடிய தகடுகளும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன.

வேகத்தின் கணக்கு

முன்னே இழுவை வண்டியும் பின்னே 53 அடிப் பெட்டியுமாக, பதினெட்டுச் சில்லுகளில் ஓடும் இந்த லொறியின் நிறை, சுமையுடன் 80,000 இறாத்தல் வரை இருக்கலாம். அத்துணைப் பாரத்தை இழுப்பதே பெரிய வேலையென நாம் எண்ணுவோம். ஆனால் சமதரையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓடுகையில், சில்லுகளைச் சேரும் சக்தியில் ஏறத்தாழப் பாதி காற்றை விலக்குவதற்கே செலவாகின்றது. ஏற்றிய சுமையோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சுமையையும் லொறி இழுக்கின்றது.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 65இன் வர்க்கம் 4,225, 55இன் வர்க்கம் 3,025. வேகம் 18 வீதமே கூடியது. தடையோ 40 வீதம் கூடிவிட்டது.

இன்னுமொரு கணக்கு. ஆண்டுக்கு 1,00,000 மைல் ஓடும் லொறி, கலனுக்கு 6 மைல் ஓடினால் 16,667 கலன் டீசல் வேண்டும். அதனை 7 மைலாக்கினால் 2,381 கலன் மிஞ்சும். 7ஐ 8 ஆக்கினாலோ 1,786 கலனே மிஞ்சும். அமெரிக்கக் கலன் ஒன்று ஏறக்குறைய 3.8 லீற்றர். ஆகவே, நல்ல வண்டியை மேலும் நல்லதாக்குவதிலும், மிகுதியாகக் குடிக்கும் வண்டியை முதலில் திருத்துவதே பெரும்பயன் தரும்.

சாரதியின் கையும் காலும்

பொறியியலாளர் செய்வது பாதி. சாரதி செய்வது மீதி. காற்றுக் குறைந்த டயர் உருளுந்தோறும் மிகுதியாக நசுங்கி, சக்தியை வெப்பமாக்கி வீணாக்கும். முன்னே சிவப்பு விளக்கைக் கண்டும் விரைந்து சென்று பிறேக்கை மிதிப்பவர், அதுவரை எண்ணெய் எரித்துப் பெற்ற வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றிலே விடுகின்றார். தூரத்திலேயே காலைத் தளர்த்துபவர் அதனைச் சேமிக்கின்றார். நெடுந்தூரச் சாரதிகள் வண்டியிலேயே உறங்குவர். குளிருக்கும் வெப்பத்துக்குமாக இரவு முழுதும் எஞ்சினை ஓடவிடுவதும் உண்டு. நகராத வண்டி எண்ணெய் குடிப்பதிலும் பெரிய வீண்செலவு வேறுண்டோ? இதற்காகவே சிறிய துணை எஞ்சின்களும் மின்கலங்களும் இப்பொழுது பொருத்தப்படுகின்றன.

2017ஆம் ஆண்டு செப்டெம்பரில், சரக்குப் போக்குவரத்துச் சிக்கனத்தை ஆராயும் அமெரிக்க மன்றமொன்று ஒரு சோதனை நடத்தியது. ஏழு லொறிகள் 17 நாட்களாக வழக்கமான சரக்குகளை ஏற்றி ஓடின. வண்டிகளிலிருந்த கருவிகள் சந்தையிற் கிடைப்பவையே, சாரதிகளோ தேர்ந்தவர்கள். அக்காலத்தில் அந்நாட்டு லொறிகளின் சராசரி கலனுக்கு 6 மைலுக்குச் சற்று அதிகம். இவ்வேழின் சராசரி 10.1 மைல்!

மிஞ்சியது யாருக்கு?

ஆயினும் 1974ஆம் ஆண்டின் பழைய வினா இன்னும் தீரவில்லை. வேகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1995இல் நீக்கப்பட்டது. மைற்கணக்குக் கூலியோ பல இடங்களில் நிலைத்துள்ளது. எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர் முதலாளி. மெதுவாக ஓட்டினால் நேரத்தை இழப்பவர் சாரதி. சிக்கனத்தின் பாரம் ஒருவர் தோளிலும் பயன் மற்றவர் பையிலும் சேருமானால் அச்சிக்கனம் நெடுநாள் நிலையாது. இதனை உணர்ந்த சில நிறுவனங்கள் மிஞ்சிய எண்ணெயின் ஒரு பங்கைச் சாரதிகளுக்கே ஊக்கப்பணமாக வழங்குகின்றன. மூலையை வளைத்த அறிவுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்காக வரிசையில் நின்ற நமக்கு, ஒரு லீற்றரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுத்தமுறை தெருவோரத்தில் லொறியொன்று நம்மைத் தள்ளி இழுத்துச் செல்லும்பொழுது, சைக்கிளை உறுதியாகப் பிடித்துக்கொள்வோம். அதன் பின்னர் சற்றுச் சிந்திக்கவும் செய்வோம். எல்லோரும் உணர்ந்து மறந்த ஒன்றை ஒருவர் மறவாதிருந்ததனால் விளைந்த நன்மை இவ்வளவு.