ஜோங்காவுக்கு மறுபிறவி!

பொங்கலூர் வழியாகப் போகும் கோவை - திருச்சி சாலையோரம் நின்று, லாரிகளை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? பாரம் ஏற்றிய லாரி வேகம் எடுக்கும்போது, 'கடகட' சத்தத்துக்கு நடுவே மெல்லியதாக 'உய்ய்ய்...' என்று ஒரு விசில் கேட்கும். அது டிரைவர் அடிக்கும் விசில் அல்ல. இன்ஜினோடு ஒட்டிக் கொண்டிருக்கும் 'டர்போ' என்ற சின்னஞ்சிறு சக்கரம் போடும் சத்தம்! இந்த டர்போவையும், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா வண்டியையும் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

தாத்தாவின் பெயர் ஜோங்கா. பெயரே வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி' என்ற நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் ஜோங்கா. ஜப்பானின் நிசான் நிறுவனம் செய்த 'பேட்ரோல்' என்ற வண்டியின் வடிவமைப்பை வாங்கி, மத்தியப் பிரதேச மாநிலம் ஜபல்பூரில் உள்ள ராணுவ வாகனத் தொழிற்சாலையில், 1969 முதல் 1999 வரை இதைத் தயாரித்தார்கள்.

சாதாரண காரில் இன்ஜினின் விசை இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். ஜோங்காவில், வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் விசையை அனுப்பலாம். பின் சக்கரங்கள் சேற்றில் வழுக்கினாலும், முன் சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போய்விடும். மலை, மணல், ஓடை எதுவானாலும் கவலை இல்லை. நம்ம 'தல' தோனி, 2019ல் ஒரு ஜோங்காவை ராஞ்சி நகரச் சாலையில் ஓட்டிச் சென்ற படம் எல்லா பத்திரிகைகளிலும் வந்தது.

ராணுவத்தில் பழசாகிப் போன ஜோங்காக்களை ஏலத்தில் விட்டார்கள். தோட்டக்காரர்களும் விவசாயிகளும் ஆசையாக வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் வந்தது வினை! அதில் இருந்தது கிட்டத்தட்ட 4 லிட்டர் கொள்ளளவு கொண்ட, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். அதனால் பலரும் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜினைப் பொருத்த ஆரம்பித்தார்கள். தொழிற்சாலையே 1996ல், ஜப்பானின் ஹினோ வகை டீசல் இன்ஜின் வைத்த ஜோங்காவைப் பொதுமக்களுக்கு விற்றுப் பார்த்தது. விலை அதிகம் என்பதால் அது ஓடவில்லை. இன்றைக்கு, இன்னும் ஒரு படி மேலே போய், டர்போ டீசல் இன்ஜினை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

டீசல் இன்ஜினில் அப்படி என்ன விசேஷம்? சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேறும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு, வேகமாகப் பத்து முறை அடியுங்கள். பம்பின் அடிப்பகுதி சூடாகும். வகுப்பில் இதைச் செய்து காட்டினால், கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன்கூட எழுந்து ஓடி வருவான்! அழுத்தினால் காற்று சூடாகும்; அவ்வளவுதான் சூட்சுமம். டீசல் இன்ஜினில், காற்றைச் சுமார் 20ல் ஒரு பங்கு இடத்துக்குள் திணிக்கிறார்கள். வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் டீசலைப் பனித்துளி போலத் தூவினால், குப்பென்று தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜின் போலப் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் தேவையில்லை. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897ல் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் நின்றுவிட்டது.

நிறைய டீசலை எரித்தால் நிறைய சக்தி கிடைக்கும். ஆனால், எரிவதற்குக் காற்று வேண்டுமே! இங்கேதான் டர்போ வருகிறது. பல்லடம், பொங்கலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். உங்கள் ஊர்க் காட்டில் நிற்கும் காற்றாலையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மோதினால் இறக்கை சுற்றும். டர்போவும் ஒரு குட்டிக் காற்றாலைதான். இன்ஜினில் இருந்து வெளியேறும் சூடான புகை அதன் இறக்கையைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு இறக்கை இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாகப் போகிற புகையை வைத்தே வேலை வாங்கும் தந்திரம்! சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

பெரிய காற்றாலை நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றினாலே அதிகம். உள்ளங்கை அளவே உள்ள டர்போ சக்கரமோ ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். அடேங்கப்பா! அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது. வேகமாக வந்து நின்றவுடன் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தால், எண்ணெய் வருவது நின்றுவிடும், சக்கரமோ கொதித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த டிரைவர்கள், வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு அணைக்கிறார்கள்.

சரி, தாத்தா வண்டிக்கு வைத்தியம் பார்ப்போம். முதலில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். கிடையாது! முதல் வேலை, கழற்றுவது. துருப்பிடித்த போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற வைப்பார்கள். அவசரப்பட்டுத் திருகினால் தலை உடைந்து கையோடு வந்துவிடும். கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி வைக்க வேண்டும். எண்ணெய் பிசுக்கைத் துடைக்க என்ன பயன்படுத்துவார்கள் தெரியுமா? பனியன் வேஸ்ட்! திருப்பூரில் வெட்டி ஒதுக்கிய துணி, மெக்கானிக் பட்டறைகளில் போய் வேலை செய்கிறது.

அடுத்தது, வண்டியின் முதுகெலும்பான சேசிஸ். சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போவார் மெக்கானிக். 'டங்' என்றால் இரும்பு நல்ல இரும்பு. 'டப்' என்றால் உள்ளே துரு தின்றுவிட்டது. வெட்டி எடுத்து, புது இரும்பு வைத்துப் பற்ற வைக்க வேண்டும்.

இன்ஜினுக்கோ, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போலப் புகையைப் பார்ப்பார்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. விடாமல் வெண்புகை வந்தால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

இனி டர்போ இன்ஜினை மாட்டிவிடலாமா? பொறுங்கள். சக்தி கூடினால் சூடும் கூடும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். கிளட்ச், கியர்பெட்டி எல்லாம் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். ஜோங்காவுக்கு நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது சரியான முட்டாள்தனம். என்னைக் கேட்டால், இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே பிரேக்கைத்தான் மாற்றச் சொல்வேன்.

பட்டறையில் முடியாத வேலை ஒன்றும் உண்டு. இன்ஜினை மாற்ற வேண்டுமானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு அப்படிச் சொல்கிறது. தயாரித்தவர் வகுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019ல் சொல்லிவிட்டது.

2021ல் இன்னொரு விதியும் வந்தது. 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை, 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். கண்காட்சி, பேரணிக்கு ஓட்டலாம். தினமும் ஓட்ட முடியாது. ஆக, 1970ல் பிறந்த ஜோங்காவை வைத்திருப்பவர் முன்னால் இரண்டு வழிகள். டர்போ போட்டால், வண்டி தோட்டத்துக்கு உழைக்கும். ஆனால் வின்டேஜ் மரியாதை போய்விடும். பழைய இன்ஜினையே சீராக்கினால், சரித்திரம் பிழைக்கும். ஆனால் வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கும். கடைசிக் காலத்து ஜோங்கா என்றால், அனுமதியோடு மாற்றி ஓட்டிவிட்டுப் போகட்டும். ஆரம்ப காலத்து வண்டிகள் மிச்சம் இருப்பதே கொஞ்சம்; அவற்றில் கை வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

எந்த வழியில் போனாலும், ஒன்றை மட்டும் பழையபடி கொண்டுவர முடியாது. ராணுவத்துக்கே உரிய அந்த ஆலிவ் பச்சை நிறத்தை, பாதுகாப்புத் துறையைத் தவிர வேறு யாரும் வண்டிக்கு அடிக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் மேல்நோக்கி நிற்குமே ஓர் அம்புக்குறி, அதுவும் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். ஓய்வு பெற்ற தாத்தா, வேறு ஏதாவது ஒரு நிறத்தில்தான் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்!