கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம்... ஒலியாலேயே ரத்தக் கட்டியை உடைக்க முடியுமா?

அப்பா சிதம்பரத்தில், நீங்கள் சென்னையில். "அப்பாவுக்கு வலது கை தூக்க வரல, பேச்சும் குழறுது" என்று அம்மா போன் செய்கிறார். 'அல்ட்ராசவுண்ட் மூலம் ரத்தக் கட்டி காலி' என்று போன வாரம் பார்த்த வீடியோ ஞாபகம் வருகிறது. அந்தச் சிகிச்சை இப்போது கைகொடுக்குமா?

எப்படி வேலை செய்கிறது?

சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்து உடைப்பது நமக்குத் தெரிந்ததுதான். இது அதன் நெருங்கிய சொந்தம். பூதக்கண்ணாடி வெயிலை ஒரே புள்ளியில் குவிப்பதுபோல, ஒலி அலைகளை உடலுக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். அங்கே நுண்குமிழிகள் தோன்றி, விரிந்து, நொறுங்குகின்றன. அந்த வேகத்தில் கட்டி துகள் துகளாகிறது. சூடு வைத்துக் கருக்குவதில்லை. 'ஹிஸ்டோட்ரிப்ஸி' எனப்படும் இந்த முறை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது.

இப்போது கிடைக்குமா?

2023 அக்டோபரில் அமெரிக்க எஃப்.டி.ஏ இதற்கு அனுமதி தந்தது. ஆனால், கல்லீரல் கட்டிகளுக்கு மட்டும். ரத்தக் கட்டிக்கு இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நுரையீரல் ரத்தக் கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் பொருத்திய மெல்லிய குழாய் பயன்பாட்டில் உள்ளது. அதை ரத்தக்குழாய்க்குள் செலுத்தியாக வேண்டும்.

மூளைக்கு ஏன் சிக்கல்?

மண்டை ஓடு ஒலியைத் தடுக்கிறது, சிதறடிக்கிறது. 2004இல் 126 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கட்டியைக் கரைக்கும் மருந்துடன் அல்ட்ராசவுண்டும் கொடுத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு 2 மணி நேரத்துக்குள் அடைப்பு முழுமையாகத் திறந்தது அல்லது பெரிய முன்னேற்றம் தெரிந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் இது 30 சதவீதம். நம்பிக்கை பிறந்தது. ஆனால், 676 பேரிடம் நடந்த அடுத்த பெரிய ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை, பாதியிலேயே நிறுத்தினார்கள். குறைந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்திய வேறொரு ஆய்வில் மூளையில் ரத்தக்கசிவு அதிகமானதால் அதுவும் நின்றது.

சரி, என்ன செய்வது?

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் அவசியம். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று அதில்தான் தெரியும். எனவே நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் ஆபத்து.

ஒரு குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். 'கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி' இருப்பது கடலூரில் அல்ல. சிதம்பரம் அண்ணாமலை நகரில். பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் அது. கடலூர் நகரில் இருப்பது மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. இரண்டுக்கும் இடையே 40 கிலோமீட்டருக்கு மேல். அவசரத்தில் ஊர் மாறினால் ஒரு மணி நேரம் போச்சு. எங்கே உடனே ஸ்கேன் எடுத்து ஊசி போடுவார்கள் என்று 108 ஊழியரிடமே கேளுங்கள்.

கடைசியாக அப்பா நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று அம்மாவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். "காலையில பாத்துக்கலாம்" மட்டும் வேண்டாம்.