தொடாமல் கேட்பது

ஒளியைக் காதால் கேட்க முடியுமா? முடியும். விட்டுவிட்டு விழும் ஒளியை உறிஞ்சும் பொருள் ஒலி எழுப்புகிறது என்று 1880இல் கிரகாம் பெல் கண்டார். இன்று அந்த ஒளியின் இடத்தில் லேசர் துடிப்பு. பொருளின் இடத்தில் நம் ரத்தம். அது ஒளியை உறிஞ்சி, துளி சூடேறி, விரிந்து, மீயொலியாக அதிர்கிறது. அதைப் பிடித்துப் படமாக்கும் வழக்கமான கருவி, ஜெல்லோ நீரோ இடையில் வைத்து உடம்பைத் தொட்டாக வேண்டும். தீக்காயத்தை எப்படித் தொடறது?

எனவே கேட்கும் வேலையையும் இன்னொரு ஒளிக்கற்றைக்கே கொடுத்தார்கள். ஒரு முறையில், தோலின் மேற்பரப்பு நானோமீட்டர் அளவில் நடுங்குவதைக் குறுக்கீட்டுமானி அளக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட முறையோ, அதிர்வு பிறக்கும் இடத்திலேயே ஒளிப் பிரதிபலிப்பு மாறுவதை வாசிக்கிறது.

'தொடாமல்' என்ற சொல் நம் மொழியில் அப்பாவி அல்ல. காதில் விழுந்ததும் சுருக்கென்கிறது. இங்கே அது விலக்கு அல்ல, வலிக்குத் தரும் மரியாதை என்றே நான் வாசிக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். தொடுகிற கை, நோயாளியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாக வேண்டியிருந்தது. தொடாமலே உடம்பைக் கேட்பவர்கள், உடம்புக்காரரைக் கேட்பார்களா?