டென்ஷன்: அக்காவுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு வேறு மாதிரி... ஏன்?

ஒரே அப்பா அம்மா, ஒரே வீட்டுச் சாப்பாடு. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் அக்கா ஒன்பது மணிக்கே போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறாள். தம்பிக்கோ வயிற்றைக் கலக்குகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, விடிய விடியத் தூக்கமில்லை. "அவளைப் பாருடா... நீ மட்டும் ஏன் இப்படிப் பயந்து சாகறே?" என்று வீட்டில் திட்டு வேறு!

பாவம் பையன். அவன் மூளை டென்ஷனை எதிர்கொள்கிற விதத்தில், பிறக்கும்போதே கூட வந்த ஜீன்களுக்கும் பங்கு இருக்கிறது.

மூளைக்குள் ஓர் அபாய மணி

ஆபத்து என்று தோன்றியதுமே, மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் 'அமிக்டலா' அபாய மணியை அடிக்கிறது. தகவல் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாக, சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குப் போகிறது. அவை 'கார்ட்டிசால்' என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, உடம்பு தயாராகிறது. கார்ட்டிசால் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய், 'போதும், நிறுத்து' என்கிறது.

மணி எவ்வளவு பலமாக அடிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஓய்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். சிலருக்குப் பத்து நிமிடத்தில் அடங்கும். சிலருக்கு ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு ஜீன் கிளப்பிய பரபரப்பு

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 2003-ல், காஸ்பி, மாஃபிட் ஆகியோரின் குழு இவர்களை வைத்து ஒரு முடிவை வெளியிட்டது. 'செரட்டோனின்' என்ற ரசாயனத்தை மூளை செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள உதவும் ஜீனில் குட்டை, நெட்டை என இரண்டு வகை உண்டு. வாழ்க்கையில் அடி மேல் அடி விழுந்தபோது, குட்டை வகை உள்ளவர்களே அதிகமாக மனச்சோர்வுக்கு ஆளானார்களாம்.

'மனச்சோர்வு ஜீன் கிடைத்துவிட்டது' என்று உலகமே பேசியது. ஆனால் 2009-ல், 14 ஆய்வுகளில் பங்கேற்ற 14,250 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த ஜீனுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே தெரியவில்லை. வாழ்க்கையில் விழுந்த அடிகளுக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் தொடர்பு பளிச்சென்று தெரிந்தது!

இன்றைக்கு நாம் அறிந்திருப்பது இதுதான்: எந்த ஒரு தனி ஜீனும் இதைத் தீர்மானிப்பதில்லை. நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குத் துளித் துளியாகப் பங்கு போடுகின்றன. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் கணக்குப்படி, மனச்சோர்வு விஷயத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் 37 சதவீதம்தான் பரம்பரையின் பங்கு. மிச்சமெல்லாம் வளர்ப்பு, சூழ்நிலை, வாழ்க்கை அனுபவம்.

"எங்க பரம்பரையே இப்படித்தான்!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வைத்தியமே பார்க்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. "பொண்ணோட சித்தப்பாவுக்கு ஏதோ மனசு சரியில்லையாம்" என்று நல்ல சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. ஜீன் என்பது தலையெழுத்து அல்ல. பரம்பரையாக வரும் சர்க்கரை நோயை மருந்தாலும் பத்தியத்தாலும் கட்டுக்குள் வைக்கிறோமே, அதுமாதிரிதான் இதுவும். எச்சிலைப் பரிசோதித்து 'உங்கள் ஸ்ட்ரெஸ் ஜீன் இது' என்று சொல்கிறவர்களிடம் காசைக் கரைக்கவும் வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'அவளைப் பார், இவனைப் பார்' என்று ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள். அந்தப் பேச்சே இன்னொரு டென்ஷன்.
* வேளைக்குத் தூக்கம், தினமும் அரை மணி நேர நடை அல்லது விளையாட்டு. அபாய மணியை அடக்க இவை உதவும்.
* பிள்ளை பயத்தைச் சொன்னால், அறிவுரையை ஆரம்பிக்காமல் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.
* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு இல்லாமல் யாராவது வாடிக் கிடந்தால், தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'வாழவே பிடிக்கலை' என்று பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அரசின் இலவச 'டெலி மானஸ்' எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பிறக்கும்போது வந்த ஜீனை நம்மால் மாற்ற முடியாது. வீட்டுச் சூழ்நிலையை மாற்ற முடியும். அது நம் கையில்தான் இருக்கிறது!