ரைபிள் துப்பாக்கியின் துவார அளவைத் தெரிந்தெடுத்தல்

நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிட்டு, அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் ஒரே இரவில் அவற்றைக் காட்டுப் பன்றிகளுக்கு இரையாகக் கொடுத்த மிராசுதார்கள், ரைபிள் வாங்குவதானால் எந்தத் துவார அளவு உத்தமம் என்று விசாரிப்பதுண்டு. தூரக் குறி சுடுவதில் பிரியமுள்ளவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒரே துப்பாக்கி இரண்டு காரியத்துக்கும் உதவும் என்ற நம்பிக்கை இருசாராருக்கும் உண்டு. அது சரியன்று.

சட்டத்தை முதலில் அறிதல் நலம். 1972ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியிருக்கிறது. நிற்கும் பயிருக்குக் கேடு செய்யும் பன்றியையும், அச்சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர் காரணங் காட்டி எழுத்து மூலம் அனுமதித்தாலன்றிச் சுடலாகாது. 1959ஆம் வருஷத்திய ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று குறிப்பிடுவது, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. ரைபிள் வேண்டுவோர் லைசென்ஸ் அதிகாரிக்குத் தக்க முகாந்தரம் காட்ட வேண்டும்.

இனித் துவார அளவு. .303, .308, .315 என்ற எண்கள் அங்குலத்தின் பின்னங்களாம். ஆயினும் எண் பெரிதானால் குண்டும் பெரிது என்று கொள்ளுதல் பிழை. .303 தோட்டாவின் குண்டு உண்மையில் .311 அங்குல விட்டமுடையது; .308 தோட்டாவின் குண்டோ .308 அங்குலமே. முன்னதில் குழலின் உட்புற மேடுகளுக்கிடையேயுள்ள அகலம் பெயராயிற்று; பின்னதில் குண்டின் விட்டமே பெயராயிற்று. நம் நாட்டில் .315 பரவியதற்கும் அதன் வலிமை காரணமன்று. படையின் தோட்டாக்கள் வெளியார் கையில் பயன்படலாகாது என்று கருதிய பிரிட்டிஷ் அரசாங்கம் .303 ரைபிளைப் பொதுஜனங்களுக்கு விலக்கியது. ஆகவே துப்பாக்கி செய்வோர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கேற்ற குழலை அமைத்து .315 என்று விற்றார்கள். பிற்காலத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையும் அதே அளவில் வேட்டை ரைபிள்களைச் செய்தது.

வலிமையை அளப்பதற்குக் குண்டின் எடையும் வேகமும் வேண்டும். எடை இரட்டித்தால் வலிமை இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். 174 கிரெயின் எடையுள்ள .303 குண்டு வினாடிக்கு 2,440 அடி வேகத்தில் புறப்படுகையில் அதன் வலிமை சுமார் 2,300 அடி-பவுண்டு. .22 ரைபிளின் 40 கிரெயின் குண்டுக்கு ஏறக்குறைய 100 அடி-பவுண்டுதான் உண்டு. பன்றிக்கு எவ்வளவு வேண்டுமென்பதற்கு ஜெர்மானிய வேட்டைச் சட்டம் நல்ல அளவுகோல்: துவாரம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. 100 மீட்டர் தூரத்தில் 2,000 ஜூல், அதாவது சுமார் 1,475 அடி-பவுண்டு, எஞ்சியிருக்க வேண்டும். .22 கொண்டு பன்றியைக் காயப்படுத்தி விடுபவன், மறுநாள் விறகு பொறுக்கச் செல்லும் அயலானுக்கு ஆபத்தை வைக்கிறான்.

தூரக் குறியில் வலிமைக்கு வேலையில்லை. 100 கெஜத்துக்குச் சரிசெய்த .308 ரைபிளின் 168 கிரெயின் குண்டு, 300 கெஜத்தில் ஓரடிக்குச் சற்று மேலும், 1,000 கெஜத்தில் சுமார் 35 அடியும் தாழும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதே தூரத்தில் அதை 8 அடிக்கு மேல் ஒதுக்கிவிடும். ஆகையால் காற்றை எளிதிற் கிழித்துச் செல்லும் மெலிந்து நீண்ட குண்டே வேண்டும். 2007இல் வெளிவந்த 6.5 கிரீட்மூர் இந்நோக்கத்துடன் அமைந்தது. துவாரம் சிறிதாயினும் காற்றுக்கு.308ஐவிடக் குறைவாகவே விலகுகிறது.

வயற்காட்டிலோ 100 கெஜத்துக்கு மேல் சுட நேர்வது அரிது. இரவில் அதுவும் மிகை. அங்கு நெடுந்தூரம் பாயும் குணம் நன்மையன்று, தீமையே. சிறிய .22 குண்டுங்கூட ஒரு மைலுக்கு மேல் செல்லும். பெரிய ரைபிளின் குண்டு இரண்டு மைலைக் கடக்கும். நம் கிராமங்களில் இவ்வளவு தூரத்துக்குள் களமும் குடிசையும் இல்லாத திசை ஏது? முழுதும் செம்பு உறையிட்ட குண்டு பிராணியைத் துளைத்து அப்பாலும் ஓடும். மென்முனைக் குண்டு உடலுள் விரிந்து பெரும்பாலும் வேகமிழக்கும். எனவே பயிர்க் காவலுக்கு .315 போன்ற கனத்த மென்முனைக் குண்டு போதும். பரண் மீதிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணிற் புதையும். வரப்பின் மேல் நின்று மட்டமாய்ச் சுடலாகாது. வேறு எடையுள்ள குண்டை வாங்கியபோதெல்லாம், அனுமதி பெற்ற சுடுகளத்தில் குறியை மறுபடி சரிபார்த்த பின்னரே துப்பாக்கியை வயலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.